ஐந்து முடிச்சு

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியவர் மைக்கில், "அந்தக் காலத்துலயே கோயமுத்தூர் போய் முறையா சூப்பர்வைசர் பயிற்சி எடுத்தவருங்க" என்று சொன்னார். கை தட்டினார்கள். நானும் மைக்கைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பயிற்சி எடுத்தது உண்மை. அதை வைத்து நான் முதலில் செய்த காரியம் என்ன என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் உண்டு, அவரை யாரும் அழைக்கவில்லை. நானே அழைக்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. நொய்யலுக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையில் எங்கள் பனியன் கம்பெனி இருந்தது. துணி பின்னும் மெஷின்கள் ஆறு. ஆறுக்கும் ஆறு பேர், பகல் ஷிப்டு மட்டும். நான் ஆறாம் நம்பர் மெஷினில் நின்றேன். பனியன் மெஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வட்டமாக நூற்றுக்கணக்கான ஊசிகள் நிற்கும், மேலே கோனிலிருந்து நூல் இறங்கும். ஒவ்வோர் ஊசியும் தன் கொக்கியில் நூலைப் பிடித்து வளையம் போட, கீழே துணி குழாய் மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். ஓர் ஊசியின் கொக்கி ஒடிந்தால் துணியில் நெடுக ஒரு கோடு விழும். நூல் அறுந்தால் ஓட்டை. இரண்டும் தினமும் நடக்கும். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நடக்கும்.

நடந்தால் என்ன செய்வோம்? மெஷினை நிறுத்துவோம், ஊசியை மாற்றுவோம், கெட்ட இடத்தைச் சுருளுக்கு உள்ளே தள்ளிவிடுவோம். பக்கத்து மெஷின்காரர் பார்த்தாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்போம். அவர் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாளைக்கு அவருக்கும் ஊசி ஒடியும் அல்லவா? இதுதான் எங்கள் கொட்டகையின் சட்டம். துணி சலவைக்குப் போய் வெளுத்து, உலர்ந்து, கட்டிங் மேஜைக்கு வந்து, வெட்டித் தைத்த பிறகுதான் நெஞ்சிலோ முதுகிலோ ஓட்டையோடு பனியன் கிடைக்கும். கட்டிங் மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். சலவைக்காரர்கள் எங்களைக் கை காட்டுவார்கள். நாங்கள் நூலைக் கை காட்டுவோம். நூலுக்கு வாய் இல்லை.

இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஆள் ஒரே ஒருவர், ஐந்தாம் நம்பர் மெஷின்காரர். ஊத்துக்குளியிலிருந்து காலை பாசஞ்சரில் வருவார், சாயங்காலம் அதே வழியில் திரும்புவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அங்கே கிணறு வற்றிப்போன கொஞ்சம் மேட்டாங்காடும் இரண்டு எருமையும் இருந்தன. காடு கைவிட்ட பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஐந்தாம் நம்பர் மெஷின்தான் கிணறு, மழை எல்லாம். மதியச் சோற்றுக்கு இலையில் பொதிந்து வெண்ணெய் கொண்டுவருவார். பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பாதி எங்கள் கைக்கு வந்துவிடும். "தின்னுங்க, தின்னுங்க, எருமை நாளைக்கும் கறக்குமல்லொ" என்பார்.

அவருக்கு மறைக்க வராது. மறைக்கக் கூடாது என்ற பெரிய கொள்கையெல்லாம் இல்லை, வராது, அவ்வளவுதான். துணியில் ஓட்டை விழுந்தால் சாயங்காலம் தானே கட்டிங் மாஸ்டரிடம் போய், "ஏனுங்க, இன்னிக்கு நம்ம சுருள்ல ரெண்டு எடத்துல ஓட்டை இருக்குதுங்க, பாத்து வெட்டுங்க" என்பார். மாஸ்டர் அன்றைக்கு ஆறு மெஷினுக்கும் சேர்த்து அவரைத் திட்டித் தீர்ப்பார். கைக்குக் கிடைத்த குற்றவாளி அவர் ஒருவர்தானே. நாங்கள் மெஷினுக்குப் பின்னால் நின்று சிரிப்போம். நானும் சிரித்தேன்.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்று. மூத்த பெண் நன்றாகப் படித்தாள். அடுத்த பங்குனியில் பத்தாவதுக்கு மேலே உள்ள அந்தப் பெரிய பரீட்சையை எழுதிவிட்டால், வைகாசி ஆனியில் டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்க்க வேண்டும். "எங்க ஊட்டுல சாக்பீஸ் புடிச்ச கை ஒண்ணு வேணும் தம்பி" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

அந்த ஆடி மாதம் முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். முதலாளி நெசவுக் குடும்பத்தில் பிறந்து தறிக்குழியிலிருந்து மேலே வந்தவர். பெரிய முருக பக்தர். வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்தே போவார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையக் 'கண்ணு'. யாரையும் ஒருமையில் அதட்டி நான் கேட்டதில்லை.

"கண்ணு, கோயமுத்தூர்ல ஆறு வாரம் ஒரு பயிற்சி நடக்குது. ஆளுகளை எப்பிடி நடத்தறது, வேலையை எப்பிடிச் சொல்லிக் குடுக்கறது, தப்பை எப்பிடிக் கொறைக்கறதுன்னு சொல்லிக் குடுக்கறாங்க. நீ போய்ட்டு வா. வந்தீன்னா நீதான் இங்க சூப்பர்வைசர்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் மடத்துக்குளத்துப் பக்கத்தில் கரும்புக் காட்டில் வளர்ந்தவன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். என்னிடம் என்ன கண்டு இவர் அனுப்புகிறார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் திறமையைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். மனுஷனுக்குத் தன்னைப் பற்றி இருக்கிற நினைப்பு இருக்கிறதே, அதைவிடப் பெரிய ஏமாற்றுக்காரன் ஊரில் கிடையாது.

பயிற்சி நடந்த இடம் ஒரு பெரிய ஹால். மில்களிலிருந்தும் வார்ப்படப் பட்டறைகளிலிருந்தும் இருபது பேர் போல வந்திருந்தோம். பனியன் கம்பெனி என்று போனவன் நான் ஒருவன்தான். "உள் பனியனா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை. முதல் நாளே என்னை எழுப்பி நிறுத்தி, பக்கத்தில் ஒரு மில் கிளார்க்கை நிறுத்தினார். எங்கள் இரண்டு பேர் கையிலும் அறுந்த நூல் கொடுத்தார்.

"அறுந்த நூலை முடிச்சுப் போடத் தெரியுமா?"

"தெரியுங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

"அப்ப கையைப் பின்னால கட்டிக்கிட்டு இவருக்கு வாயால சொல்லிக்குடுங்க."

நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. "இதை இப்படிச் சுத்தி… இல்லீங்க, அந்தக் கை… அக்கட்டால…" என்று கால் மணி நேரம் உளறினேன். கிளார்க்கின் பத்து விரலும் நூலில் சிக்கிக்கொண்டன. ஹாலே சிரித்தது. எனக்கு மூக்கு உடைந்தது. பிறகு அவர் அதே வேலையை ஐந்து துண்டாக உடைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லி, செய்து காட்டி, செய்ய வைத்து, கடைசியில் தள்ளி நின்று பார்த்தார். கிளார்க் இரண்டாவது தடவையே போட்டுவிட்டார். பத்து வருஷமாக என் கை செய்த வேலையை என் தலை ஒருநாளும் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ஆறு வாரத்தில் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

அவர் சொன்னதில் என் மனதில் ஆணி அடித்தது போல நின்றது ஒரு பாடம். தப்பு நடந்தால் ஆளைத் தேடிப் போகாதீர்கள், இடத்தைத் தேடிப் போங்கள் என்றார். எந்த மெஷின், எந்த ஊசி, எந்த நூல் என்று எழுதி வைத்தால் தப்புக்குக் காரணம் தானாகத் தெரிந்துவிடும். ஆளைத் தேடினால் ஆள் தப்பை மறைப்பான். எங்கள் கொட்டகையை நேரில் பார்த்தவர் மாதிரி பேசினார். எழுதிய நோட்டு நம் கையை விட்டுப் போன பிறகு அதை யார், எதற்குப் படிப்பார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதனால் அவர் மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு ஸ்டூலும் மேஜையும் போட்டார்கள். ஆறாம் நம்பர் மெஷினுக்கு வேறு ஆள் வந்தார். நான் செய்ய நினைத்தது எளிய காரியம். துணியில் கெட்ட இடம் விழுந்ததும் அந்த இடத்தில் ஒரு நூல் வாலைக் கோத்துவிட வேண்டும். கட்டிங் மாஸ்டர் வாலைப் பார்த்ததும் அந்த இடத்தை ஒதுக்கி வெட்டிவிடுவார். எந்த மெஷின் என்று தெரிய, மெஷினுக்கு ஒரு நிறம் என்று முதலில் திட்டம் போட்டேன். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கட்டிய முதல் சுருள் சலவையிலிருந்து அம்மை போட்ட குழந்தை மாதிரி திரும்பி வந்தது. சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது. கோயமுத்தூர் வரை போய்ப் படித்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று கட்டிங் மாஸ்டர் ஒரு வாரம் கேலி செய்தார். பிறகு நிறத்தை விட்டுவிட்டு முடிச்சுக்கு மாறினேன். அதே வெள்ளை நூல், ஒன்றாம் நம்பர் மெஷினுக்கு ஒரு முடிச்சு, இரண்டாம் நம்பருக்கு இரண்டு, இப்படி ஆறு வரைக்கும். சாயங்காலம் நான் வால்களைப் பார்த்து நோட்டில் மெஷின் வாரியாக எழுதிக்கொள்வேன். ஆள் பெயர் எழுத மாட்டேன்.

ஆனால் முடிச்சுப் போட யாரும் சம்மதிக்கவில்லை.

"ஏம்ப்பா, மெஷின் நம்பரை எழுதினா என்ன, எம் பேரை எழுதினா என்ன? ரெண்டாம் நம்பர்ல நாந்தான நிக்கறேன்?" என்றார் இரண்டாம் நம்பர்க்காரர். சாமர்த்தியசாலி. அன்றைக்கு அந்தக் கேள்விக்கு நான் ஒரு நல்ல பதிலைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. கேள்வி மட்டும் மறக்கவில்லை.

ஊத்துக்குளிக்காரர்தான் எனக்காகப் பேசினார். "தம்பி நல்லதுக்குத்தான் சொல்லுது. ஆனா மொதலாளி வாயால ஒரு வார்த்தை வரட்டும். ஆயுத பூஜையன்னிக்கு மெஷின் மேல கை வெச்சு, இதனால ஒருத்தருக்கும் ஒண்ணும் வராதுன்னு சொல்லட்டும். நாம போடலாம்."

எங்களுக்கு அது பெரிய விஷயம். ஆயுத பூஜை அன்றைக்கு மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச் சுற்றி, படையல் போட்டு, அன்று முழுக்க அதை ஓட்டாமல் விடுவோம். சாமியாக நிற்கிற அந்த ஒருநாள் மெஷின் மேல் கை வைத்துச் சொன்ன சொல்லை மாற்றினால் கையை ஊசி தின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. யார் தொடங்கிவைத்ததோ தெரியாது. கடன் தகராறு, பெண் தகராறு எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் பேசித் தீர்ப்பார்கள்.

நான் போய் முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். பூஜையன்று தேங்காய் உடைத்த கையோடு வந்து, நடுவில் இருந்த மூன்றாம் நம்பர் மெஷின் மேல் வலது கையை வைத்தார்.

"முருகன் மேல ஆணை. நோட்டுல எத்தன தப்பு எழுதினாலும் ஒரு ஆளைக் கூட நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போதுமா கண்ணுகளா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து முடிச்சு விழத் தொடங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டைப் பனியன்களின் குவியல் பாதியாகிவிட்டது. நாலாம் நம்பரில் ஒரே இடத்தில் ஊசி ஒடிவதை நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தோம். ஊசி நிற்கிற பள்ளம் தேய்ந்திருந்தது, சரிசெய்தோம். கட்டிங் மாஸ்டரே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நோட்டில் ஐந்தாம் நம்பர் பத்தி மட்டும் பக்கம் நிறைய இருந்தது. ஊத்துக்குளிக்காரர் ஓட்டைக்கு மட்டும் கட்டவில்லை. நூலில் ஒரு தடிப்பு வந்தால் கட்டுவார், எண்ணெய்ச் சொட்டு பட்டால் கட்டுவார், தன் விரல் அழுக்குப் பட்டது என்று சந்தேகம் வந்தாலும் ஐந்து முடிச்சு போட்டுக் கட்டிவிடுவார். "எழுதிக்க தம்பி, எழுதிக்க, ஒண்ணும் உட்டுப்போடாதே" என்பார். இரண்டாம் நம்பர்க்காரரோ வாரத்துக்கு ஒன்று கட்டினால் அதிகம். அவர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சல்லடை. எனக்குத் தெரியும். ஆனால் கட்டினதை மட்டும்தான் எழுதுவது என்பது என் விதி. மறைத்ததை எழுதினால் வேவு பார்த்த மாதிரி ஆகிவிடும், பிறகு யாருமே கட்ட மாட்டார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

பங்குனியில் இரண்டு புது மெஷின்கள் லாரியில் வந்து இறங்கின. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். இரண்டையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாம். பொருத்திக் கொடுக்க ஒரு பிட்டர் கூடவே வந்தார். நான் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "திடீர்னு வந்து எறங்கீட்டீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"திடீர்னு எங்கீங்க? போன சித்திரையிலயே உங்க மொதலாளி ஆர்டர் போட்டுட்டாரு. கெடைக்கத்தான் வருசமாகுது."

நான் கோயமுத்தூருக்குப் போனது ஆடியில். மனசுக்குள் ஏதோ நெருடியது. அதை நானே அமுக்கிவிட்டேன்.

மறுநாள் முதலாளி என்னையும் நோட்டையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். நோட்டைத் திருப்பி வைத்து விரலை ஓட்டினார்.

"அஞ்சுலதான் தப்பு எச்சு. அடுத்தது மூணு. இந்த ரெண்டு பழைய மெஷினையும் எடுத்துட்டு அந்த எடத்துல புதுசை நிறுத்திக்கலாம். தப்பு கம்மியா வர்ற ஆளு யாரு, ரெண்டாம் நம்பர்க்காரரு. புதுசு ரெண்டையும் அவரே பாக்கட்டும். அவரோட பழைய மெஷின் உதிரிக்கு ஆகும். மூணாம் நம்பர்க்காரருக்கும் அஞ்சாம் நம்பர்க்காரருக்கும் இந்த வாரத்தோட கணக்கு முடிச்சு அனுப்பிச்சிரு."

"மொதலாளி, அவரு தப்பு எச்சாப் பண்றவரில்லீங்க. அவரு மறைக்கறதில்லீங்க. அதனாலதான் நோட்டுல எச்சா இருக்குதுங்க."

"நோட்டுல அப்பிடி எழுதலியே கண்ணு."

"பூஜையன்னிக்கு மெஷின் மேல கை வெச்சுச் சொன்னீங்க…"

அவர் கோபப்படவில்லை. திருநீற்றுக்குக் கீழே அந்த முகம் எப்போதும் போலக் குளிர்ச்சியாகவே இருந்தது. "சொன்னதுதான். ஆளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு சொன்னேன். இப்பவும் ஆளை ஒண்ணும் சொல்லலியே. மெஷினைத்தான எடுக்கறேன்? மெஷினு இல்லாத எடத்துல ஆளுக்கு என்ன வேலை?"

தப்பு கம்மியா வர்ற ஆளு என்று அரை நிமிஷத்துக்கு முன்னால் சொன்னாரே, அங்கே மட்டும் ஆள் எப்படி வந்தார் என்று கேட்டிருக்க வேண்டும். இது எனக்குத் தோன்றியது இரண்டு நாள் கழித்து. இரண்டாம் நம்பர்க்காரர் அத்தனையையும் மறைக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், ஒருவருக்கும் ஒன்றும் வராது என்று பூஜையன்று கொடுத்த வாக்கை நானே உடைத்தவன் ஆவேன். வாயை மூடிக்கொண்டேன். வாக்கை நான் ஒருவன்தான் காப்பாற்றினேன், அதுவும் காப்பாற்றக் கூடாத ஆளுக்கு.

கடைசியாக, "அவரு பொண்ணு பரீட்சை எழுதிட்டிருக்குதுங்க. ஆனி வரைக்குமாவது அஞ்சாம் நம்பர் ஓடட்டுங்க" என்று கெஞ்சினேன்.

"நீ எதுக்கு மனசைப் போட்டு ஒழப்பிக்கறே? யாரை வெக்கறது, யாரை அனுப்பறதுன்னு எனக்குத் தெரியாமத்தான் கெடந்தேன். நானா ஒருத்தரைச் சொன்னா சங்கக்காரன் வந்து நிப்பான். இப்ப பாரு, அவங்களே முடிச்சுப் போட்டுக் குடுத்திருக்காங்க. அதுக்குத்தான கண்ணு உன்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பிச்சேன்."

இதை அவர் மறைத்துக்கூடச் சொல்லவில்லை. என்னைப் பாராட்டுகிற குரலில் சொன்னார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அறுப்பவர் கையில் கத்தி இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கத்தி என் கையில் இருந்தது. ஆறு வாரம் செலவு செய்து அதைத் தீட்டி அனுப்பியிருந்தார்.

கெட்ட செய்தியையும் சூப்பர்வைசர் தானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் கோயமுத்தூரில் சொல்லிக்கொடுத்த பாடம்தான். போனேன். மூன்றாம் நம்பர்க்காரர் கத்தினார், என் அம்மாவை இழுத்துத் திட்டினார், ஸ்டூலை எட்டி உதைத்தார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஊத்துக்குளிக்காரர் கத்தவில்லை. மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"நோட்டைப் பாத்துத்தான் சொன்னாருங்களா?"

முதல்முறையாக என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினார். ஏழு வருஷம் தம்பி என்று கூப்பிட்ட மனிதர்.

"ஆமாண்ணா."

"நீங்க எடுத்துச் சொல்லலீங்களா?"

"சொன்னேண்ணா. அவரு கேக்கல."

"அப்ப நீங்க இருக்கறீங்களாட்ட?"

நான் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு அவரோடு வெளியே நடந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எனக்கு அந்த ஸ்டூல் பிடித்திருந்தது, சூப்பர்வைசர் என்று கூப்பிடுவது பிடித்திருந்தது. தங்கை கல்யாணம், வாடகை என்று காரணங்களை அப்போது அடுக்கினேன். எல்லாம் சாக்கு.

அவர் அன்றைய சுருளை முழுதாக முடித்தார். சாயங்காலம் துணியை அறுத்து இறக்கும்போது ஓரிடத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு தடிப்பு. பையிலிருந்து நூல் எடுத்தார். நிதானமாக ஐந்து முடிச்சுப் போட்டுக் கோத்தார். "இதையும் எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு, சோற்றுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார். நான் எழுதவில்லை. அந்த நோட்டில் அதற்கு மேல் ஒரு வரியும் நான் எழுதவில்லை.

எழுத ஒன்றும் இல்லாமலும் போனது. அடுத்த நாளிலிருந்து எந்தச் சுருளிலும் ஒரு முடிச்சு இல்லை. நான் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். "தப்பு வந்தாத்தானுங்க கட்டறது? வரலீங்களே" என்றார்கள், எல்லோரும் ஒரே குரலில். மதியம் சோற்றுக்கு நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். புது மெஷினின் துணியிலும் கோடு விழுந்தது. ஓட்டைப் பனியன் குவியல் சித்திரைக்குள் பழைய உயரத்தைத் தொட்டது. முதலாளிக்கு அது பெரிய கவலையாகத் தெரியவில்லை. அந்த வருஷமும் பழனிக்கு நடந்துவிட்டு வந்து எனக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். அவர் கையை எந்த ஊசியும் தின்னவில்லை. நான் அந்தப் பஞ்சாமிர்தத்தை வாங்கித் தின்றேன்.

ஊத்துக்குளிக்காரரின் பெண்ணுக்கு ஆவணியிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது என்று கட்டிங் மாஸ்டர் சொல்லிக் கேள்விப்பட்டேன். எனக்கு அழைப்பு வரவில்லை. அவளுடைய பரீட்சை என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் இரண்டு மூன்று கம்பெனி மாறினேன். எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டுக்குச் சரக்குப் போக ஆரம்பித்தபோது, துணியைப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்கிற வேலை எனக்குக் கிடைத்தது. கம்பெனி கம்பெனியாகப் போவேன். நான் தலையாட்டினால்தான் துணி நகரும். அப்படி ஒருநாள் வேலம்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டுக்குப் போனேன். நாலு மெஷின். உள்ளே நுழைந்ததும் கடைசி மெஷினில் நின்ற முதுகு எனக்குத் தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை.

அந்த யூனிட்டின் சூப்பர்வைசர் நல்ல துடிப்பான ஆள். எங்கேயோ பயிற்சி எடுத்திருப்பார் போல. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிலேட்டு தொங்கவிட்டு, அன்றன்றைக்கு வந்த தப்பை அதில் எழுதச் சொல்லியிருந்தார். மற்ற மூன்று சிலேட்டிலும் ஏதோ இரண்டொரு கோடு இருந்தது. கடைசி மெஷின் சிலேட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "இவருதாங்க நம்மகிட்ட பெஸ்டு. வந்த நாள்லருந்து ஒரு தப்பு கெடையாதுங்க" என்று பெருமையாக அவரைக் காட்டினார்.

நான் கடைசி மெஷினின் சுருளை எடுத்து மேஜையில் விரித்தேன். துணிக்குள் கையை விட்டு விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம், கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும். மூன்றாவது மடிப்பில் என் விரல் வழுக்கி வெளியே வந்தது. ஓட்டை. அதைச் சுருளுக்கு உள்ளே எப்படித் தள்ள வேண்டுமோ அப்படிப் பக்குவமாகத் தள்ளியிருந்தது. அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் ஐந்து பேரும் செய்தது, அவர் ஒருவர் மட்டும் செய்யத் தெரியாமல் எங்களிடம் கேலி வாங்கியது. விரலை ஓட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் நூல் கோனைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். கடைசி மெஷின் பக்கம் திரும்பி, "ஏனுங்க, இந்தச் சுருள்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் ஊத்துக்குளிக்காரர். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. என்னைக் கையால் காட்டினார். "வேணும்னா அவரையே கேளுங்க. நாங்க முந்தி ஒண்ணா நின்னவங்க. தப்பு இருந்தா நான் மறைக்க மாட்டன்னு அவருக்குத் தெரியுமுங்க."

இரண்டு பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் துணியிலிருந்து கையை மெதுவாக வெளியே எடுத்தேன்.

"ஆமாங்க," என்றேன். "எனக்குத் தெரியுமுங்க."

சுருளை நானே சுற்றி, சரி என்ற அடுக்கில் தூக்கி வைத்தேன்.